பசியில்லாத மீன்

மார்ச் 29

சகலைக்கு,

போனில் பேசினால் உனக்குப் பிடிக்காத இடம் வந்ததும் ‘சிக்னல் இல்லை’ என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழி.

அக்காவை நான் கட்டினேன், தங்கையை நீ கட்டினாய். அந்த ஒரே காரணத்தால்தான் நாம் இரண்டு பேரும் ஒரே படகில் உட்கார நேர்ந்தது. வேறு பொருத்தம் எதுவும் நமக்குள் கிடையாது. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், ஒருவன் என்ன பார்க்கிறான், எதைப் பார்க்காதது போல் நடிக்கிறான் என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. நீ மெத்தைக் கடையில் மெத்தை விற்கிறவன். உன் பிழைப்பு என்ன என்று நீயே சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ ஊர் முழுக்க ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறாய். நடந்தது இது. ஏரியில் நாணல் ஓரம், முழங்கால் ஆழத் தண்ணீரில், வாலால் பெருக்கித் துடைத்த ஒரு வட்டம் இருந்தது. பாஸ் மீனின் கூடு. முட்டையிடுவது பெண், காவல் இருப்பது ஆண். குஞ்சு பொரிந்து நீந்திப் போகும்வரை அந்த ஆண் இரை தேடிப் போகாது. ஆனால் கூட்டுக்குள் எது விழுந்தாலும் வாயால் கவ்வி வெளியே கொண்டுபோய்த் துப்பும். இது நம் தூண்டில் சங்கத்தில் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்வது. அதனால்தான் படகுத்துறையில் நானே கையால் எழுதிப் பலகை வைத்திருக்கிறேன்: கூட்டில் இருக்கும் மீனைத் தொடாதீர்கள்.

நீ தொட்டாய். முதலில் ரப்பர் புழுவைக் கூட்டின் நடுவில் போட்டாய். ஆண் கவ்வியது. அதைத் தூக்கிப் படகின் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு மூடினாய். ஏன் என்று கேட்டேன். “இவன் நடுவுல வந்து தொந்தரவு பண்ணுவான்” என்றாய். முட்டை போட வந்த பெண் மீன், காவல்காரன் காணாமல் போனதும் தானே கூட்டைச் சுற்ற ஆரம்பித்தது. அதன் மூக்குக்கு நேரே அதே புழுவை ஆட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் எரிச்சலில் அது கவ்வியது. ஏரியிலேயே பெரிய மீன் என்று துறையில் எடை போட்டுப் படம் எடுத்து, இரண்டையும் அங்கேயே, கூட்டிலிருந்து ஏரியின் மறுகோடியில், தண்ணீரில் விட்டுவிட்டு, “பாருங்க, உயிரோட விட்டுட்டேன்” என்று கைதட்டல் வேறு வாங்கிக்கொண்டாய்.

இதற்குப் பெயர் தூண்டில் போடுவது இல்லை. பிரசவ அறைக்குள் புகுந்து குஸ்தி போட்டுவிட்டுப் பதக்கம் கேட்பது. அந்தக் கூட்டை நீ பார்த்ததே தண்ணீரின் பளபளப்பை மறைக்கும், நான் போட்டுக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியால்தான் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சங்கத்துக்கு நீயே எழுதி, சுவரில் மாட்டிய படத்தை இறக்கச் சொல். உனக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்தால் எழுதுவாய். இருக்காது என்று தெரிந்துதான் இந்தக் கடிதம்.

சகலை


ஏப்ரல் 4

மதிப்பும் மரியாதையும் மிக்க சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் திருமுகம் கிடைத்தது. கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். “மாமாவுக்கு எழுத்து எவ்வளவு நல்லா இருக்கு” என்றாள். நீங்கள் திட்டுவதைக் கேட்டு இந்தக் குடும்பத்தில் யாருக்கும் ரத்தம் கொதிப்பதில்லை, பழகிவிட்டது.

ஒரு சின்ன விஷயம் உங்கள் ஞாபகத்தில் நழுவிவிட்டது போலிருக்கிறது. என் இரண்டு கையும் தூண்டில் கம்பில் இருந்தபோது கைவலையை நீட்டியது யார்? “விடாதே, விடாதே, நூலைத் தளர்த்து, கம்பைத் தூக்கு” என்று பின்சீட்டில் எழுந்து நின்று குதித்தது யார்? படகு கவிழ்ந்துவிடும் என்று நான்தான் உங்களை உட்காரச் சொன்னேன். மீன் வலைக்குள் விழுந்ததும் என் முதுகில் ஓங்கி அடித்தீர்கள், இன்னும் வலிக்கிறது. வெட்கம் உங்களுக்கு வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான் வந்திருக்கிறது.

உங்களுக்குப் பிரச்சினை கூடு இல்லை, சகலை. அந்தச் சுவரில் இத்தனை வருஷம் உங்கள் படம் இருந்தது. தொப்பியைக் கழற்றி, மீனைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, கண்ணீர் மல்க. இப்போது அதற்கு மேலே என் படம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கம்பு, ஒரே ஒரு ரீல், அதற்கு வாராவாரம் எண்ணெய். தூண்டில் முள்ளில் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி மழுக்கி, மீனைத் தொடும் முன் கையை நனைத்து, விடும்போது “போய்ட்டு வா” என்று வேறு சொல்வீர்கள். அந்த மீன் திரும்பி வந்ததா? எல்லோரும் பின்னால் சிரிக்கிறார்கள், உங்களுக்குத்தான் தெரியாது.

சரி, சண்டையை நிறுத்துகிறேன். ஒரு காரியம் ஆகவேண்டும்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நான் பயன்படுத்திய ரப்பர் புழுவைச் செய்யும் கம்பெனி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஏரி ஏரியாகப் போய் அவர்கள் தூண்டில் சாமான்களைக் காட்டி, மீன் பிடித்து, படம் எடுக்கும் வேலை. நிரந்தர வேலை. ஆனால் மீன் ஒழுங்காகப் பிடித்ததுதானா என்று கூட இருந்தவரிடம் விசாரிப்பார்களாம். கூட இருந்தது நீங்கள். ஆள் வருவார். ‘நாணலுக்கு வெளியே, ஆழத்தில், நீந்திக்கொண்டிருந்த மீன்’ என்று ஒரு வரி சொன்னால் போதும்.

மெத்தைக் கடையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மெத்தை விற்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. வருகிறவன் செருப்போடு ஏறிப் படுப்பான், புரண்டு பார்ப்பான், “யோசிச்சு சொல்றேன்” என்று இறங்கிப் போவான், நான் அவன் தலை வைத்த இடத்தைத் தட்டி நேராக்குவேன். நாற்பது வயதைத் தாண்டியவனை, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய், அதற்குச் சம்பளம் தருகிறோம் என்று முதல் தடவையாக ஒருவர் கூப்பிடுகிறார். எனக்கு இது வேண்டும், சகலை. ரொம்ப வேண்டும்.

உங்கள் அன்புள்ள சகலை


ஏப்ரல் 17

சகலைக்கு,

வலையை நீட்டினேன். குதித்தேன். முதுகில் அடித்தேன். எதையும் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் புத்தி கெட்டுப்போனது. அதற்காகப் புத்தி தெளிந்த பிறகு பொய்யும் சொல்ல வேண்டும் என்பது உன் மெத்தைக் கடை நியாயமாக இருக்கலாம்.

நீ அக்காவிடம் போன் போட்டு அழுதிருக்கிறாய். அழகு. இந்த வீட்டில் என்னிடம் யாரும் பேசுவதில்லை. தட்டைக் கொண்டுவந்து மேஜையில் ‘டக்’ என்று வைக்கிற சத்தம்தான் பேச்சு. “என் தங்கச்சி குடும்பம் உங்க வாயில இருக்கு” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நான் இரண்டு நாள் தூங்கவில்லை. உனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக.

உன் கம்பெனி ஆள் நேற்றுக் கடைக்கு வந்தான். வெள்ளை ஷூ. சேற்றில் ஒரு தடவைகூடக் கால் வைக்காத ஷூ. மீன் பிடிக்கிற கம்பெனியில் வேலை செய்கிற ஆள் மீது மீன் வாடை இல்லாமல் ஏதோ பூ வாசனை வந்தது. கேள்வி கேட்கும்போது என் கடைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த மீன் எங்க சார் மாட்டுச்சு?”

நீ சொல்லச் சொன்ன வரி வாய்வரை வந்தது. நிஜமாகவே வந்தது. உன் மனைவி முகத்தை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

“கூட்டுல” என்றேன்.

“கூட்டுலன்னா?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆணைத் தொட்டியில் போட்டு மூடியதிலிருந்து எல்லாம். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அப்போ அந்த மீனுக்குப் பசியே இல்லையா சார்?”

“பசியில்ல. பசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கூட்டுக்குள்ள வந்தத வெளிய தூக்கிப் போடத்தான் கவ்வும்.”

“நம்ம புழுவ பசியில்லாமலே கவ்வுச்சு.”

“ஒரு குச்சியப் போட்டாலும் கவ்வும் தம்பி.”

அதை மட்டும் அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எழுந்து என் இரண்டு கையையும் பிடித்து, “ரொம்ப உதவி சார், இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல” என்று குலுக்கிவிட்டுப் போனான்.

உன் வேலை போயிருக்கும். போக வேண்டியதுதான். ஆனால் உன் வீட்டுக்காரிக்கு முன்னால் வந்து நின்று, நான்தான் கெடுத்தேன் என்று நானே சொல்கிறேன். அந்த ஒன்றை உன் தலையில் போட மாட்டேன். மெத்தைக் கடை முதலாளியிடம் நீ திரும்பப் போய் நின்றால் சேர்த்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். உன்னை மாதிரி வாய் ஜாலம் உள்ளவனை விட மாட்டார்கள்.

சகலை


மே 2

என் வாழ்க்கைக்கு விளக்கேற்றிய சகலைக்கு,

நீங்கள் இங்கே வந்து யார் முன்னாலும் நிற்க வேண்டாம். உட்கார்ந்து கொள்ளுங்கள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

கிடைத்தது உங்களால். இதைக் கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உங்களால். நீங்கள் நான் கேட்ட வரியைச் சொல்லியிருந்தால், ஆழத்தில் நீந்திய மீனைப் பிடித்த இன்னொரு ஆள், அவ்வளவுதான். அப்படி ஆயிரம் பேர் அவர்களிடம் இருக்கிறார்கள். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். வெள்ளை ஷூக்காரர் அன்று மாலையே ஆபீசுக்குப் போய்த் துள்ளியிருக்கிறார். கூட்டில் பிடிக்கக் கூடாது என்பது உங்கள் சங்கத்துப் பலகையில் இருக்கிறதே தவிர, எந்தச் சட்டத்திலும் இல்லை, சகலை. அவர்கள் வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

இத்துடன் புழுப் பாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். புது அச்சு. மேலே என் படம். நடுவில் கொட்டை எழுத்தில் ‘பசியில்லாத மீனும் கவ்வும்!’ அதற்குக் கீழே சின்னதாக, ‘ஏரிச் சங்கச் செயலாளர் நேரில் கண்டது’. உங்கள் பெயர் போடவில்லை, அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஏரி ஒன்று, சங்கம் ஒன்று, செயலாளர் ஒருவர்.

குச்சியைப் பற்றி நீங்கள் சொன்னதைப் போடவில்லை. இடம் போதவில்லையாம்.

இத்தனை வருஷம் யாருமே மதிக்காத உங்கள் நேர்மைக்குக் கடைசியில் ஒரு விலை கிடைத்திருக்கிறது. என் வீட்டுக்காரி சிரித்து வெகுநாள் ஆயிற்று, நேற்றுச் சிரித்தாள். மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். அக்காவும் இனித் தட்டை மெதுவாக வைப்பார்கள்.

இந்த மாதக் கடைசியில் மலைப்பக்கத்து ஏரிக்குப் போகிறோம். அங்கே குளிர் தாமதமாகத்தான் விடும், இப்போதுதான் கூடு கட்டத் தொடங்குகிறதாம். முதல் படம். கூட்டில் இருக்கும் மீனைப் பிடிப்பது எப்படி என்று நான் சொல்லிக் கொடுக்கப்போகிறேன்.

என்றும் நன்றியுள்ள சகலை


மே 11

சகலைக்கு,

நான் உண்மையைச் சொன்னேன். நீயும் உன் கம்பெனியும் அதை ரப்பரில் ஊற்றிப் பாக்கெட் போட்டு விற்றுவிட்டீர்கள். இவ்வளவு கேவலம் நடக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்குப் பொய்யையே சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனேன். நாணல் ஓரம் நெடுக வரிசையாகப் படகுகள், சந்தையில் கடை போட்ட மாதிரி. எல்லாருடைய கம்பின் நுனியிலும் உன் புழு. நான் துடுப்பைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படகாகப் போய்க் கத்தினேன். பேங்கில் வேலை பார்க்கிறாரே, குடை பிடித்துக்கொண்டு மீன் பிடிக்கிறவர், அவர் பாக்கெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சார், நீங்கதானே நேர்ல பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க?”

உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. நீ பக்கத்தில் இல்லாததால் துடுப்பால் தண்ணீரை அடித்தேன். அவர் கொஞ்சம் பயந்துபோனார், அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த திருப்தி.

செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. பலகையை நானே பிடுங்கிக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். பலகையை எழுதியவனும் பாக்கெட்டில் சாட்சி சொல்பவனும் ஒரே ஆள் என்றால் படிப்பவன் சிரிக்க மாட்டானா?

உன்னைத் தடுக்க என்னால் முடியாது. கெஞ்சவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், உன் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒன்று. படம் எடுக்கும்போது மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பாய் அல்லவா? நீ மீனைப் பார்க்காதே. அதைக் கேமராக்காரன் பார்த்துக்கொள்வான். நீ குனிந்து கூட்டைப் பார். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. மீன் உன் கையில் இருக்கும் நேரம் முழுவதும் கூட்டைப் பார்.

அப்புறம் எனக்கு எழுதவே வேண்டாம்.

சகலை


ஜூன் 3

சகலை,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன், கிழித்துப் போடுங்கள்.

மலை ஏரிக்குப் போனோம். கேமராவோடு மூன்று பேர், நான், வெள்ளை ஷூக்காரர். கூடு கரையிலிருந்தே தெரிந்தது. முட்டைகள் சரளைக் கற்களோடு ஒட்டி மங்கலாக மினுங்கின. பெண் போய்விட்டது, ஆண் மட்டும் காவல். பெரிய மீன் இல்லை. ஒரு கண்ணுக்குப் பக்கத்தில் பழைய வடு.

புழுவைப் போட்டதும் கவ்வியது. தூக்கினேன், கேமராவைப் பார்த்துச் சிரித்தேன், பேச வேண்டியதைப் பேசினேன். “அண்ணே, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, வெயில் படட்டும்” என்றான் கேமராக்காரன். தூக்கிப் பிடித்தேன். அப்போது நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. பிடிவாதத்துக்காகத்தான் குனிந்தேன். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று உங்களுக்கு எழுதிச் சிரிக்கலாம் என்று.

சின்னச் சின்ன மீன்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. அதுவரை ஒன்றையும் காணோம். காவல் போனதும் நாணலுக்குள்ளிருந்து மொத்தமாக வந்து இறங்கின. தலை கீழே, வால் மேலே, கற்களுக்கு நடுவே கொத்திக் கொத்தித் தின்றன. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன், கேமரா ஓடிக்கொண்டிருந்ததால்.

விட்டதும் ஆண் நேரே கூட்டுக்கு ஓடியது. எல்லாவற்றையும் துரத்தியது. “சூப்பர், இன்னொரு தடவை, வேற பக்கத்திலிருந்து” என்றார்கள். போட்டேன். கவ்வியது. வாயில் ஏற்கெனவே முள் ஏறிய ஓட்டை இருந்தது, அதே இடத்தில் மறுபடியும். தூக்கினேன். சின்ன மீன்கள் மறுபடியும் இறங்கின. அப்புறம் ரீல் தெரிகிற மாதிரி ஒன்று, பாக்கெட் தெரிகிற மாதிரி ஒன்று. “இந்த மீன் நல்லா நடிக்குதுப்பா” என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் விட்டபோது கூட்டில் ஒன்றும் மிச்சமில்லை. வெறும் கல். சின்ன மீன்களும் வேலை முடிந்து போய்விட்டன. இது திரும்பி வந்து, கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நடுவில் நின்று வாலால் பெருக்கிக்கொண்டிருந்தது. மேல்தாடை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

“கூடு காலியாயிடுச்சு சார்” என்றேன் வெள்ளை ஷூக்காரரிடம்.

“படத்துல அது தெரியாது. கவ்வுறத மட்டும் கிட்டத்துல ஒண்ணு எடுத்துக்குவோம். கடைசி.”

நான் கம்பைக் கீழே வைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். போட்டேன், சகலை. காலிக் கூட்டில் போட்டேன். அதற்குக் காக்க ஒன்றுமில்லை, அப்படியும் வந்து கவ்வியது. துப்புவதற்காக வெளியே இழுத்துக்கொண்டு போனது. அப்போது நான் கம்பை வெடுக்கென்று இழுத்தேன், முள் ஏறியது. படத்திலேயே அதுதான் நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று எழுதினால் நீங்கள் மீசையை முறுக்குவீர்கள், அதனால் எழுத மாட்டேன். வேலையையும் விடவில்லை. மெத்தைக் கடையில் என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. வீட்டில் புது அடுப்பு வாங்கியிருக்கிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அப்பா படம் உள்ள பாக்கெட்டைக் காட்டுகிறார்கள். அடுத்த வருஷம் கூடு கட்டும் காலத்துக்கு ஆறு ஏரிகள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று இரவு விடுதியில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆபீசில் பாராட்டுகிறார்கள், வீட்டில் பாராட்டுகிறார்கள், முன்பின் தெரியாதவன் எல்லாம் கைகுலுக்குகிறான். நான் செய்தது என்ன என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் எழுத வேண்டாம் என்றுவிட்டால், நான் நல்லவன் என்று கொஞ்ச நாளில் நானே நம்பிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும், நம்பிவிடுவேன்.

படம் அடுத்த வாரம் வருகிறது. பாருங்கள். பார்த்துவிட்டு மன்னித்துவிடாதீர்கள், சகலை. நாலு பக்கம் திட்டி எழுதுங்கள்.

சகலை